புதுக் காரில் கயிறு கட்ட இடம் எங்கே?

கேள்வி இதுதான். ஐப்பசி மழையில் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, மேலே ஏறி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியிருக்கிறார் தம்பி. முன் இடது சக்கரம் ரோட்டோர ஓடையில் இறங்கிவிட்டது. வாங்கி மூன்று வருஷமான சின்ன கார், சி.வி.டி. கியர்பாக்ஸ் (ஆட்டோமேட்டிக்கில் ஒரு வகை). பின்னால் வந்த எஸ்டேட் ஜீப்காரர் நல்ல மனசோடு கயிற்றை எடுத்து வந்தார். குனிந்து பார்த்தால் கொக்கியே இல்லை. பம்பருக்கு அடியில் கைக்குச் சிக்கிய ஏதோ ஒரு கம்பியில் கட்டி இழுத்ததில் பம்பர் வந்துவிட்டது, கார் வரவில்லை. "எங்கே கட்டியிருக்கணும்? கம்பெனிக்காரன் ஏன் கொக்கி வைக்கிறதில்லை?" என்று கேட்கிறார்.

சேலத்தில் கோரிமேட்டுப் பக்கம் பட்டறை வைத்திருப்பவன் என்பதால் மழைக்காலத்தில் இந்தக் கேள்வி எனக்கு வாரம் ஒருமுறை வருகிறது. பாதிப் பேர் கேட்கும்போதே பம்பரைக் கையில் வைத்திருப்பார்கள்.

கொக்கி வைத்திருக்கிறார்கள் தம்பி. டிக்கியில் இருக்கிறது. தரை விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி இருக்கும் குழியைப் பாருங்கள். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வைத்திருக்கும் தெர்மாகோல் தட்டில், ஒரு பக்கம் வளையமும் மறுபக்கம் மரையுமாக, உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமான இரும்புத் துண்டு ஒன்று செருகியிருக்கும். அநேகம் பேர் அதை ஜாக்கியின் உதிரி என்று நினைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். முன் பம்பரில் ஒரு ஓரமாக, பெரும்பாலும் வலது பக்கம், தீப்பெட்டி அளவில் சதுரமாகவோ வட்டமாகவோ ஒரு மூடி தெரியும். பெயின்ட் அடித்திருப்பதால் உற்றுப் பார்த்தால்தான் கண்ணில் படும். சிலதில் ஒரு விளிம்பை அழுத்தினால் மறு விளிம்பு எழும்பும். சிலதில் ஸ்க்ரூ டிரைவர் நுனியில் துணி சுற்றி நெம்ப வேண்டும். உள்ளே விரல் விட்டால் மரை தட்டுப்படும். அது பம்பருக்குப் பின்னாலிருக்கும் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்தது. அதில் வளையத்தைக் கையாலேயே முழுக்கத் திருகி, கடைசியில் வீல் ஸ்பேனரின் தண்டை வளையத்துக்குள் நுழைத்து ஒரு இறுக்கு இறுக்கினால் கொக்கி தயார். சில வண்டிகளில் பின் பம்பரிலும் இதேபோல் ஒரு மூடி உண்டு. சிலதில் பின்பக்கம் அடியிலேயே நிரந்தரமாக ஒரு வளையம் இருக்கும்.

இதில் ஒரு வில்லங்கம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற ஐரோப்பிய வண்டிகளில் இது இடது மரை. நாம் கழற்றும் திசையில் சுற்றினால்தான் உள்ளே போகும். தெரியாதவர்கள் வலப்பக்கமே திருகித் திருகி, "மரை போயிடுச்சுண்ணா" என்று போன் செய்வார்கள். மரை நன்றாகத்தான் இருக்கும். பாதி மட்டும் ஏறிய நிலையில் "போதும், பிடிச்சிருச்சு" என்று இழுப்பது இன்னொரு தப்பு. நாலு சுற்று மரை மட்டும் பிடித்திருந்தால், பிய்த்துக்கொண்டு வரும் வளையம் துப்பாக்கிக் குண்டு மாதிரிதான். வளையத்தின் கழுத்து சட்டத்தில் போய் முட்டும்வரை ஏற வேண்டும்.

ஏன் வெளியே வைக்கவில்லை என்றால், இப்போதைய பம்பர் அந்தக் காலத்துப் பம்பர் இல்லை. வெளியே தெரிவது வெறும் பிளாஸ்டிக் தோல். அதற்குப் பின்னால் நுரை, அதற்கும் பின்னால்தான் இரும்பு. நடந்து போகிறவர் மேல் இடித்தால் அவர் காலுக்கு அடி குறையட்டும் என்றுதான் முன்பக்கத்தை இப்படி மெத்தென்று செய்கிறார்கள். அங்கே இரும்பு வளையம் துருத்திக்கொண்டிருந்தால் அந்த ஏற்பாடே வீண். காற்றைக் கிழித்துப் போகும் வடிவமும் அழகும் மற்ற காரணங்கள். மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி மாதிரி லேடர் சேசிஸ் வண்டிகளுக்கு அடியில் முழு நீளத்துக்கும் இரண்டு இரும்புத் தண்டவாளம் ஓடுகிறது, அதனால் அவை கொக்கியை வெளியிலேயே காட்டிக்கொண்டு திரியலாம். உங்கள் கார் மோனோகாக். தகடுகளை மடித்து ஒட்டிய பெட்டி. எங்கே வேண்டுமானாலும் பிடித்து இழுக்கிற உடம்பு இல்லை அது.

இப்போது உங்கள் கேள்விக்குள் ஒளிந்திருக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அந்த வளையத்தை நீங்கள் அன்றைக்கே கண்டுபிடித்திருந்தாலும், ஜீப் இழுத்த விதத்தில் இழுத்திருந்தால் பம்பருக்குப் பதில் வளையம் வளைந்திருக்கும். வேறு வித்தியாசம் இருந்திருக்காது.

அந்த வளையம் எதற்கென்றால், நின்றுபோன வண்டியைச் சமதரையில் நேராக, மெதுவாக இழுக்க. தார் ரோட்டில் 1,000 கிலோ காரை உருட்ட 15, 20 கிலோ விசை போதும், ஒரு ஆள் தள்ளினாலே போகிறதல்லவா. பத்துக்கு ஒன்று ஏற்றத்தில் அதோடு இன்னொரு 100 கிலோ சேரும். அதுவரை வளையம் சிரித்துக்கொண்டே தாங்கும். ஆனால் சக்கரம் அச்சு மட்டம்வரை சேற்றில் புதைந்துவிட்டால், மீட்பு வேலைக்காரர்களின் கணக்கே வேறு. வண்டியின் முழு எடைக்குச் சமமான விசை வேண்டும். மட்கார்டு மட்டம்வரை என்றால் இரண்டு மடங்கு. உங்கள் கார் சேற்றில் புதையவில்லை, வயிறு ஓடையின் கல் விளிம்பில் உட்கார்ந்துவிட்டது. உருளுவது போய் உரசல் ஆகிவிட்டது.

போதாததற்கு ஜீப்காரர் வெட்டி இழுத்திருக்கிறார். எல்லோரும் செய்வதுதான், கயிற்றைத் தளர்த்தி வைத்துக்கொண்டு 'விர்'ரென்று கிளம்புவது. 1,500 கிலோ ஜீப் 10 கி.மீ. வேகத்தில் வந்து, நீளாத கயிற்றில் 10 சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டியிருந்தால் அந்த நொடியில் கயிற்றில் விழும் பாரம் சராசரியாக 6 டன். அதே ஜீப், அதே வேகம், கயிறு 1 மீட்டர் நீண்டு கொடுத்தால் 600 கிலோதான். வெட்டி இழுப்பதற்கென்றே நீளும் நைலான் கயிறு விற்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். லாரி கட்டும் செயினும் ஸ்டீல் ரோப்பும் நீளாது. அவற்றில் வெட்டி இழுக்கவே கூடாது.

என் கையால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தொழில் பழகிக்கொண்டிருந்த வயசு. ஏற்காட்டுக்கு ஏறும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியில் ஒரு கார், இதே மாதிரி ஓடையில். கொக்கியைத் தேடப் பொறுமை இல்லாமல் அடியில் புகுந்து, சக்கரத்தை நோக்கிப் போன ஒரு தண்டில் கயிற்றைப் போட்டேன். என் முதலாளி எட்டிப் பார்த்து, "டேய், அது டை ராடுடா, அதுல கட்டினா ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பும்னு உனக்கே தெரியாது" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் மேலே இருந்தவர் வண்டியை எடுத்துவிட்டார். கார் ஓடையிலிருந்து வந்ததென்னவோ உண்மை. ஆனால் முன் சக்கரம் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அந்த மாதச் சம்பளத்தில் பாதி அதற்குப் போயிற்று.

அதனால் வளையம் கிடைக்காதபோது எங்கே கட்டலாம் என்பதைவிட, எங்கே கூடாது என்பதை முதலில் மனசில் வையுங்கள். டை ராட் கூடாது. இரண்டு சக்கரத்தையும் இணைத்துக் குறுக்கே ஓடும் மெல்லிய ஸ்டெபிலைசர் பார் கூடாது. சக்கரத்தைச் சுற்ற வைக்கும், ரப்பர் பூட் போட்ட டிரைவ் ஷாஃப்ட் கூடாது. ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குத் தகடு கூடாது. உங்கள் ஜீப்காரர் பிடித்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். சைலன்சர் குழாயில் கட்டியவரையும் பார்த்திருக்கிறேன்.

ரெக்கவரி வண்டிக்காரர்கள் இரண்டு இடத்தை நம்புவார்கள். ஒன்று, அலாய் வீலின் கம்பிகளுக்கு இடையில் நுழைத்துச் சுற்றும் பெல்ட். பிரேக் குழாயில் உரசாமல் பார்த்துப் போட்டால் சக்கரமே நல்ல பிடிமானம். ஆனால் சக்கரம் உருள வேண்டிய இழுவைக்கு அது ஆகாது, உருளாமல் பக்கவாட்டில் நகர்த்தவும், வண்டியை ஏற்றிய பிறகு கட்டவும்தான். இன்னொன்று, வண்டியின் அடிச் சட்டத்தில் இருக்கும் நீள்வட்ட ஓட்டைகள். கம்பெனியிலிருந்து புது வண்டிகளை லாரியில் கட்டிக்கொண்டு வருவதற்காக விட்ட ஓட்டை அது. அதற்கேற்ற கொக்கி வைத்திருந்தால் இரண்டு பக்கமும் மாட்டி, இரண்டையும் ஒரு பெல்ட்டில் சேர்த்து, மெதுவாக வின்ச்சில் (கயிற்றைச் சுருட்டி இழுக்கும் உருளை) இழுக்கலாம். கடைசிப் போக்கிடமாக, சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்ம், அதுவும் அது உடம்போடு சேரும் அடிப் பக்கத்தில், அதுவும் அனுபவமுள்ள கை. கேரவன் இழுக்கிற பந்துக் கொக்கி யாராவது மாட்டியிருந்தால் அதில் கயிறு போட்டு வெட்டி இழுக்கவே வேண்டாம். அது உடைந்து பறந்தால் பின்னால் வரும் வண்டியின் கண்ணாடியில்தான் நிற்கும், சில சமயம் அங்கேயும் நிற்காது.

சரி, அன்றைக்கு உங்கள் இடத்தில் நான் இருந்தால்? கயிற்றைத் தொட்டே இருக்க மாட்டேன், முதல் அரை மணி நேரத்துக்கு.

முதலில் ஹேண்ட் பிரேக். நீங்கள் கியரை 'பி'-யில் (பார்க்கிங்) போட்டிருக்கிறேன் என்று நிம்மதியாக இருந்திருப்பீர்கள். ஒரு முன் சக்கரம் ஓடையில் அந்தரத்தில் தொங்குகிறது. 'பி' பிடிப்பது முன் சக்கரங்களை, அதுவும் இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் வழியாக. ஒரு சக்கரம் சும்மா சுற்ற முடிகிறதென்றால் இன்னொன்றையும் அது பிடிக்காது. அந்தச் சரிவில் உங்கள் காரை நிறுத்தி வைத்திருந்தது ஓடை விளிம்புதான். அதனால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கீழ்ச்சரிவுப் பக்கம் பெரிய கல் வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஆட்களை இறக்கி, வளைவுக்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொருவரை நிற்க வையுங்கள். முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்னாலேயே வைக்க வேண்டும், வளைவு தாண்டி வைத்தால் அதைப் பார்ப்பவர் ஏற்கெனவே உங்கள் டிக்கியில் இருப்பார். இன்சூரன்ஸுக்கு நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள், அசைப்பதற்கு முன்னால்.

அப்புறம் ஜாக்கி. ஒரு பலகைத் துண்டின் மேல் ஜாக்கியை வைத்து, கதவுக்கு அடியிலிருக்கும் ஜாக்கி பாயிண்டில் கொடுத்து, தொங்கும் சக்கரத்தைத் தூக்குங்கள். அடியில் யாரும் தலையை நீட்டக் கூடாது. ஏற்காட்டில் ஒரு வசதி, காப்பித் தோட்டத்துக்கு நிழலுக்கு வைத்த சில்வர் ஓக் கிளை வெட்டிப் போட்டது எங்கேயாவது கிடக்கும், எஸ்டேட் ஆட்களிடம் கேட்டால் தருவார்கள். ரோட்டோரக் கைப்பிடிச் சுவரின் கல்லைப் பெயர்க்காதீர்கள், அடுத்தவன் உயிர் அது. தூக்கிய சக்கரத்துக்கு அடியில் கல்லும் கட்டையும் அடுக்கி, ஜாக்கியை இறக்கி, மறுபடி பலகையை உயர்த்தி, மறுபடி தூக்கி, மறுபடி அடுக்கி. மூன்று முறை செய்தால் சக்கரம் ரோட்டு மட்டத்துக்கு வந்துவிடும், வயிறும் கல்லை விட்டு எழும்பும். சில்வர் ஓக் இலை மழையில் ஊறினால் சோப்புத் தண்ணீர் மாதிரி வழுக்கும், அதைக் காலால் தள்ளிவிட்டு மண்ணோ ஜல்லியோ போடுங்கள். வண்டி எந்த வழியாக உள்ளே இறங்கியதோ அதே தடத்தில் பின்னால் வருவதுதான் சுலபம். உங்களுக்கு அது ஏற்றம்தான். இருந்தாலும் நாலு பேர் முன்னாலிருந்து தள்ளி, ரிவர்சில் நிதானமாகக் கொடுத்தால் வந்துவிடும். சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் உடனே காலை எடுங்கள். சுற்றச் சுற்றக் குழிதான் பெரிதாகும்.

அதுவும் போதாமல் இழுக்கத்தான் வேண்டுமென்றால், பின்பக்க வளையத்தில் கட்டி, வண்டியின் நீளவாட்டத்துக்கு நேராக, கயிறு முறுக்கேறி விறைத்த பிறகே ஜீப் முதல் கியரில் நகர வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் வளையம் வளையும். வளைந்தது வெளியே வராது, அப்புறம் பம்பரையே அறுக்க வேண்டும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைத் தொங்க விடுங்கள். அறுந்தால் சாட்டை போல் வீசாமல் கீழே விழும். வேடிக்கை பார்க்கிறவர்கள் கயிற்று நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்கட்டும். நம் ஊரில் இதுதான் சிரமமான வேலை.

வெளியே வந்த பிறகு, "அண்ணா, அப்படியே அடிவாரம் வரைக்கும் கட்டி இழுத்துட்டுப் போயிடலாமா" என்று கேட்பார்கள். 20 கொண்டை ஊசி வளைவில் கயிறு கட்டி இறக்குவது வேண்டவே வேண்டாம். என்ஜின் ஓடாத வண்டியில் பிரேக்கை இரண்டு மூன்று முறைதான் சுலபமாக மிதிக்க முடியும், பிரேக்கை இலேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் தீர்ந்ததும் பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனக்கும். இறக்கத்தில் கயிறு தளர்ந்து உங்கள் சக்கரத்துக்கு அடியிலேயே போகும். வளைவில் முன்வண்டி திரும்பியதும் கயிறு உங்களை உள்பக்கமாக வெட்டி இழுக்கும். போக்குவரத்துச் சட்டமும் கயிற்றில் இழுப்பதைப் பக்கத்துப் பட்டறை வரைதான் அனுமதிக்கிறது. இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், பின்னால் வெள்ளையில் கறுப்பு எழுத்தில் 'ஆன் டோ' என்று எழுதி வைக்க வேண்டும். மலையில் கயிறு என்பது அடுத்த அகலமான இடம்வரை ஒதுக்குவதற்குத்தான்.

உங்களுடையது சி.வி.டி. என்பதால் இன்னொன்றும் உண்டு. என்ஜின் ஓடினால்தான் அந்தக் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் பம்ப் ஓடும். என்ஜினை அணைத்துவிட்டு முன் சக்கரங்களை உருட்டிக்கொண்டு போனால் உள்ளே எண்ணெய் இல்லாமல் இரும்பும் இரும்பும் தேயும். பத்து நிமிஷ இழுவை, பெரிய செலவு. முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போகும் வண்டி வந்தால் சரி, பின் சக்கரம் சும்மா உருளும். நாலு சக்கரமும் ஓட்டுகிற வண்டிக்கு நாலும் தரையை விட்டு எழ வேண்டும். எலெக்ட்ரிக் காருக்கும் பிளாட்பெட்தான், அதாவது காரை முழுசாக மேலே ஏற்றிக்கொண்டு போகும் லாரி. ஓட்டும் சக்கரம் உருண்டால் மோட்டார் ஜெனரேட்டராகிக் கரண்ட் அனுப்ப ஆரம்பிக்கும். ஏ.எம்.டி. வண்டியை (மேனுவல் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வகை) நியூட்ரலில் தள்ளலாம், ஆனால் கியரில் நின்ற நிலையில் பேட்டரி இறந்துவிட்டால் நியூட்ரலுக்கே வராது. அங்கே முதல் மருந்து ஜம்ப் ஸ்டார்ட், இன்னொரு பேட்டரியிலிருந்து ஒயர் போட்டுக் கரண்ட் கொடுப்பது. சாதா ஆட்டோமேட்டிக்கில் கியர் லீவருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மூடியைத் திறந்து உள்ளே அழுத்தினால் 'பி'-யிலிருந்து விடுபடும், உங்களுடையதிலும் இருக்கலாம், மேனுவலைப் பாருங்கள்.

பேட்டரி இறந்தால் வரும் வேடிக்கை ஒன்று: டிக்கிக் கதவு எலெக்ட்ரிக் பூட்டு, வளையமோ டிக்கிக்குள். பின் சீட்டை மடித்து உள்ளே தவழ்ந்து போக வேண்டும். பல வண்டிகளில் கதவின் உள்பக்கம் ஒரு சின்ன மூடிக்குப் பின்னால் கையால் திறக்கும் லீவர் உண்டு. நாமக்கல்காரர் ஒருவர் நல்ல வெள்ளை வேட்டியோடு அப்படித் தவழ்ந்ததை நான் பார்த்தேன்.

உதவிக்கு யாரைக் கூப்பிடுவது? பெங்களூர் போகும் 44-ஆம் நம்பர் ரோட்டில் நின்றால் 1033. அது தேசிய நெடுஞ்சாலைக்கான எண், ஏற்காட்டுப் பாதைக்கு அது கிடையாது. மலையில் உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் அந்த எண், இல்லையென்றால் சேலத்து ரெக்கவரி வண்டி. கூப்பிடும்போதே மூன்றைச் சொல்லுங்கள்: ஆட்டோமேட்டிக்கா மேனுவலா, எந்தச் சக்கரம் எங்கே இறங்கியிருக்கிறது, எத்தனையாவது வளைவு. நீளமான பிளாட்பெட் எல்லா வளைவிலும் ஒரே மூச்சில் திரும்பாது, அதைத் தெரிந்து அனுப்புவார்கள். ஏற்றும்போது உங்கள் வளையத்தில் வின்ச் மாட்டி மெதுவாக மேலே இழுப்பார்கள், முன் பம்பர் உரசாமல் சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுக்கச் சொல்லுங்கள். ஏறிய பிறகு சக்கரங்களில் பெல்ட் போட்டுக் கட்டுகிறார்களா என்று பாருங்கள். வளையத்தை மட்டும் நம்பி இறக்கத்தில் ஓட்டினால் இருபது வளைவும் அந்த ஒரு மரையைத்தான் சோதிக்கும்.

பழைய வண்டி வாங்கியவர்களுக்கு: முன்னால் வைத்திருந்தவர் வளையத்தைத் தொலைத்திருப்பார், இது சகஜம். அடுத்தவர் வண்டியிலிருந்து எடுத்து மாட்டாதீர்கள், விட்டமும் மரை இடைவெளியும் வண்டிக்கு வண்டி வேறு. பாதி ஏறிப் பிடித்த மாதிரி நடிக்கும். சேசிஸ் நம்பரைச் சொல்லி பார்ட்ஸ் கவுண்டரில் வாங்குங்கள். வாங்கியதும் வீட்டு வாசலிலேயே ஒருமுறை திருகிப் பாருங்கள். துருப்பிடித்திருந்தால் கொஞ்சம் கிரீஸ்.

உங்கள் பம்பர் விஷயம். கிளிப் உடைந்து விளிம்பு கிழிந்ததைப் பிளாஸ்டிக் வெல்டிங்கில் சரி செய்துவிடலாம், புதுசு வேண்டாம். ஆனால் பம்பரைக் கழற்றும்போது உள்ளே ரேடியேட்டர் தாங்கும் சட்டம் முன்னால் இழுபட்டிருக்கிறதா, ஏ.சி. கண்டன்சர் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், இடது லோயர் ஆர்மையும் அலைன்மென்டையும் சேர்த்து. வயிறு கல்லில் உட்கார்ந்ததால் கியர்பாக்ஸ் அடித் தட்டில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்பதை நான் முதலில் பார்ப்பேன். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம். கழற்றின பம்பரின் வலது ஓரத்தில் அந்தச் சின்ன மூடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் எடுத்துப் பத்திரமாக வையுங்கள், அது மட்டும் தனியாகக் கிடைக்கப் பல நாள் ஆகும்.